ரெண்டு கோடு போடறதுக்கு எவ்வளவுங்க?

போன லீவில் ரெண்டு மாசம் எனக்கு டேப் பிடிக்கிற வேலை. அளவெடுக்கிற டேப். காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்தில், ஜவுளி குடோனுக்கு மேல் மாடியில் சின்னதாக இன்டீரியர் டிசைன் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு அக்காவிடம். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, அப்புறம் நிறைய அனுபவம். அந்த அனுபவத்தில் ஒரு துண்டைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்ம செட்டில் நாலைந்து பேர் படித்து முடித்ததும் இதே தொழிலில் இறங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களாவது படிக்கட்டும்.

சரவணம்பட்டி பக்கம் புதிதாக மூணு பெட்ரூம் ஃபிளாட் வாங்கியிருந்த ஒரு ஐயா. ரிட்டயர் ஆனவர், பி.எஃப். பணத்தில் வாங்கிய வீடு. அக்கா டிசைனுக்கு மட்டும் பதினெட்டாயிரம் என்றார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏனுங் அம்மிணி, ரெண்டு கோடு போடறதுக்குப் பதினெட்டாயிரமா? எங்கூர் ஆசாரி சும்மாவே வரைஞ்சு குடுத்துப்போடுவாருங்களே!"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிங் சார், வேலையை எங்களுக்கே குடுத்துட்டீங்கன்னா டிசைன் ஃப்ரீயா வெச்சுக்குங்க" என்றார். எனக்கு அப்போது அது சாமர்த்தியமாகப் பட்டது. நாலு தடவை சைட்டுக்குப் போனோம். மூணு தடவை ட்ராயிங்கை மாற்றினோம். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் த்ரீடி படம் போட்டுக் கொடுத்தோம். எல்லாம் முடிந்ததும் ஐயா ஃபைலை வாங்கிக்கொண்டு, "வூட்ல கேட்டுச் சொல்றனுங்க" என்று போனவர்தான். மூணு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அதே ட்ராயிங்கைச் சுவரில் ஒட்டி வைத்து வேறு ஒரு ஆசாரி பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்றைக்கே எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு "கோயம்புத்தூர்க்காரனுக்குக் கலை தெரியாது" என்று தலைப்பு வைத்திருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை. ஏனென்றால் அதற்கு அடுத்த வாரம் அக்காவின் பழைய கொட்டேஷன்களை அடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அப்போதுதான் இந்த "ஃப்ரீ" எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம்பர்கள் எல்லாம் புரிவதற்காக நான் வைத்தவை, முறை மட்டும் அசல். எட்டடி அகலம், ஏழடி உயரத்தில் ஒரு வார்ட்ரோப். நம்ம ஊரில் இதை முகப்புப் பரப்பை வைத்துத்தான் விலை பேசுவார்கள், ஆக 56 சதுர அடி. ஆசாரி மெட்டீரியலோடு சதுர அடி 1,200 ரூபாய் என்றால் 67,200. டிசைனர் 1,500 என்றால் 84,000. வித்தியாசம் 16,800. வீடு முழுக்க 250 சதுர அடி மரவேலை இருந்தால் வித்தியாசம் 75,000 ரூபாய். பதினெட்டாயிரம் கேட்டதற்குக் கண்ணாடியைக் கழற்றியவர் இந்த எழுபத்தைந்தாயிரத்தைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாலும் பார்க்க முடியாது. சதுர அடி ரேட்டுக்குள் அது கரைந்து கிடக்கிறது.

அந்த 75,000 முழுக்கக் கொள்ளை என்று நான் சொல்லவில்லை. அதில் மேற்பார்வை இருக்கிறது, ஆசாரி தப்பாக அறுத்த ஷீட்டுக்கு ஈடு இருக்கிறது, ஆறு மாசம் கழித்து கீல் தொங்கினால் போய்ச் சரிசெய்யும் செலவு இருக்கிறது. ஆனால் எதற்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கொடுப்பவருக்கும் தெரியாது, சில சமயம் வாங்குபவருக்கே தெரியாது. என் கருத்து இதுதான்: டிசைனுக்கான கூலியை ஒளித்து வைத்தால் ரெண்டு பக்கமும் கெட்டுப்போகிறது. அதைத் தனியாக, முன்கூட்டியே, எழுத்தில் வாங்க வேண்டும். வாங்க முடியாது என்று தெரிந்தால் அந்த வேலையையே விட்டுவிட வேண்டும்.

இந்த "ஃப்ரீ" பழக்கம் எங்கிருந்து வந்தது? க்ளையண்டைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ரொம்ப காலமாக நம்ம வீடுகளில் டிசைன் என்பது ஆசாரி கையில் கொண்டுவந்த ஃபெவிகால் பர்னிச்சர் புக்தான். பக்கத்தைப் புரட்டி "இதே மாதிரி" என்று விரல் வைத்தால் முடிந்தது. கட்டில், பீரோவுக்குத்தான் காசு, புத்தகத்துக்கு இல்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவரிடம் திடீரென்று ட்ராயிங்குக்குத் தனி பில் கொடுத்தால் அவர் அதிர்ச்சி ஆவது நியாயம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இது கொஞ்சம் கசப்பானது. டிசைனர்கள் மேல் மக்களுக்கு நம்பிக்கை இல்லை, அதற்கு டிசைனர்களும் காரணம். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கு டோக்கன் வருவது ஊருக்கே தெரிந்த விஷயம். பிளைவுட், லேமினேட், ஹார்ட்வேர் எல்லாவற்றிலும் "கூட்டிக்கொண்டு வந்தவருக்கு" ஒரு பங்கு பழக்கத்தில் உண்டு. க்ளையண்டிடம் "நான் உங்க பக்கம்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் பங்கு வாங்கினால் நான் உண்மையில் யார் பக்கம்? விலை கூடக்கூட எனக்கும் பங்கு கூடும் என்றால், "சார், இது உங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்ல என் வாய் எப்படி வரும்?

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்கு 1972ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் பெயரைத்தான் காக்கிறது, கட்டட வடிவமைப்பு வேலையை மற்றவர்கள் செய்வதையே தடுக்கவில்லை என்று விளக்கியது. பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட்களுக்கு 1989ஆம் வருடத்து தொழில் நடத்தை விதிகளும் இருக்கின்றன. க்ளையண்டையோ வேலையையோ பிடிப்பதற்காகக் கமிஷன், தள்ளுபடி, பரிசு கொடுப்பதோ வாங்குவதோ அதன்படி கூடாது. இன்டீரியர் டிசைனருக்கு இப்படி ஒரு சட்டமும் கிடையாது. 1972லேயே தொடங்கிய இந்திய இன்டீரியர் டிசைனர்கள் கழகம் இருக்கிறது, ஆனால் அதில் சேருவது அவரவர் விருப்பம். வேடிக்கை என்னவென்றால், வருமான வரிக்காரர்கள் மட்டும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் வரிசையில் இன்டீரியர் டெகரேஷனையும் ஒரு "புரொஃபஷன்" என்று வைத்திருக்கிறார்கள். வரி கட்டும்போது மட்டும் நாம் டாக்டருக்குச் சமம் :-)

அதாவது நேர்மையாக இருக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. நாமே ஒரு பேப்பரில் எழுதி நம்மைக் கட்டிக்கொண்டால்தான் உண்டு.

சரி, எவ்வளவு வாங்குவது? இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். பக்கத்து ஆபீஸில் சதுர அடிக்கு ஐம்பது என்றால் நாம் நாற்பது, அவர் நாற்பது என்றால் நாம் முப்பது. இதற்கு விடை நம்ம ஊரிலேயே இருக்கிறது. பீளமேடு, கணபதி பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் போய் ஜாப் ஆர்டருக்கு ரேட் கேட்டுப் பாருங்கள். அவர் பீஸைப் பார்ப்பார், எத்தனை நிமிஷம் மெஷினில் நிற்கும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார், மெஷினுக்கு மணிக்கு எவ்வளவு என்று பெருக்குவார். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை, கரண்ட் ஃபிக்ஸட் சார்ஜ், ஆள் சம்பளம் எல்லாம் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். காலேஜில் மூணு வருஷம், நாலு வருஷம் டிசைன் படித்த நமக்குத்தான் நம் மணி நேரத்தின் விலை தெரியவில்லை.

அக்காவோடு உட்கார்ந்து ஒருநாள் அந்தக் கணக்கைப் போட்டோம். ஆபீஸ் வாடகை, கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், பெட்ரோல், ஒரு அசிஸ்டெண்ட் எல்லாம் சேர்த்து மாசம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோக 30,000. மொத்தம் 80,000. மாசம் 25 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 200 மணி. ஆனால் 200 மணிக்கும் காசு வராது. வேலை கொடுக்காத ஆளுக்குப் போட்ட கொட்டேஷன், சிங்காநல்லூர் சிக்னலில் நின்ற நேரம், லேமினேட் கடையில் காத்திருந்த நேரம் எல்லாம் போகப் பாதிதான் மிஞ்சும். 80,000த்தை 100 மணியால் வகுத்தால் மணிக்கு 800 ரூபாய். இது லாபம் இல்லை, கை கடிக்காமல் இருப்பதற்கான ரேட்.

இப்போது அந்த ஐயாவின் ஃபிளாட்டுக்கு வருவோம். டைரியைப் பார்த்துக் கூட்டினால் நாங்கள் செலவழித்தது 45 மணி நேரம். 36,000 ரூபாய். அக்கா கேட்டதே அதில் பாதி, 22 மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல்தான் தேறும். வந்ததோ சைபர். ஆக, ஐயா ஏமாற்றுவதற்கு முன்பே அக்கா தன்னைத்தானே பாதி ஏமாற்றிக்கொண்டிருந்தார். இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

"ரெண்டு கோடுதானே" என்ற கேள்வி நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1878இல் லண்டன் கோர்ட்டில் இதே கேள்வி வந்திருக்கிறது. விஸ்லர் என்ற ஓவியர், தன் படத்தைக் கேவலமாக எழுதிய ரஸ்கின் என்ற விமர்சகர் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார். ரெண்டு நாள் உழைப்புக்கா இருநூறு கினி கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்க, இல்லை, ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவுக்குக் கேட்கிறேன் என்ற பொருளில் விஸ்லர் பதில் சொன்னார். டிசைன் கிளாஸில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கை தட்டுவார்கள். மீதிக் கதையை யாரும் சொல்வதில்லை. வழக்கில் விஸ்லர்தான் ஜெயித்தார், ஆனால் கோர்ட் அவருக்குக் கொடுத்த நஷ்ட ஈடு ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. அடுத்த வருஷமே மனுஷன் திவாலாகிவிட்டார். பஞ்ச் டயலாக் பேசி ஜெயிக்கலாம், வாடகை கட்ட முடியாது.

இன்னும் பக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறி கூலி நெசவாளர்கள். 2014இல் பேசிய கூலி உயர்வுக்குப் பிறகு வருஷக்கணக்கில் உயர்வே ஒழுங்காகக் கிடைக்காமல், 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்திப் போராடினார்கள். 2025இலும் மறுபடி நிறுத்த வேண்டி வந்தது. தனித்தனியாக ஒவ்வொருவரும் "இவன் பத்து பைசா குறைச்சுக்கறான்" என்று இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் எல்லோருக்கும் ஒரே பள்ளம்தான். நம்ம தொழிலில் கூடி உட்கார்ந்து "இதற்குக் கீழ் யாரும் வாங்கக் கூடாது" என்று விலையை நிர்ணயித்தால் 2002ஆம் வருடத்து போட்டிச் சட்டம் குறுக்கே வரும். ஆனால் கணக்குப் போடும் முறையை ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. அதைத்தான் நானும் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

"அதெல்லாம் சரி, தனியா ஃபீஸ் கேட்டா க்ளையண்ட் ஓடிப்போயிடுவான்" என்பீர்கள். சிலர் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் ஃபீஸ் என்பது க்ளையண்டுக்கும் பாதுகாப்பு என்பதை நாம் எடுத்துச் சொல்வதே இல்லை. 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "சேவை" என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே, இலவசமாகச் செய்யும் சேவை அதில் சேராது என்று இருக்கிறது. ஃபீஸ் கொடுத்து ரசீது வாங்கியவர், டிசைன் சொதப்பினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். "ஃப்ரீயாத்தான் வரைஞ்சு குடுத்தாங்க" என்பவர் எதைக் காட்டிக் கேட்பார்? அந்த ஐயாவைப் போன்றவர்களுக்கு இது சும்மா வாதம் இல்லை. ஆயுசு முழுக்கச் சேர்த்த பணம். அவருடைய தம்பி வீட்டில் ஒரு மேஸ்திரி அட்வான்ஸோடு காணாமல் போன கதையை முதல் நாளே எங்களிடம் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் பேரம் பேசுபவரை எதிரி மாதிரி பார்ப்பது நம் தப்பு.

ரெண்டு மாச அனுபவத்தில், ஒரே ஒரு பக்கத்தில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியவை என்று எனக்குத் தோன்றியது:

1. எந்தெந்த அறை, எந்தெந்த ட்ராயிங், எத்தனை த்ரீடி. "வீடு ஃபுல்லா" என்ற வார்த்தையே வரக் கூடாது.

2. எத்தனை தடவை மாற்றலாம். ரெண்டு தடவை ஃபீஸுக்குள், மூணாவதுக்கு மணிக்கு இவ்வளவு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மூணாவது தடவை வருவதே அபூர்வம்.

3. எப்போது எவ்வளவு. ஆரம்பிக்கும்போது ஒரு பங்கு, லேஅவுட் முடிந்ததும் ஒரு பங்கு, அளவு போட்ட ட்ராயிங் கையில் கொடுக்கும்போது மீதி. அளவு போட்ட ட்ராயிங் காசு வந்த பிறகுதான் வெளியே போக வேண்டும். 1957ஆம் வருடத்து காப்புரிமைச் சட்டப்படி வரைபடமும் ஒரு கலைப் படைப்புதான். ஆனால் ஒரு வார்ட்ரோப்புக்காக யார் கோர்ட்டுக்கு அலைவது?

4. மெட்டீரியலின் தரம் பெயரோடு. "நல்ல பிளைவுட்" என்று எழுதக் கூடாது. ஐஎஸ் 303 எம்ஆர் கிரேடா, தண்ணீர் படும் சமையலறைக்கு ஐஎஸ் 710 பிடபிள்யூபியா, லேமினேட் ஒரு மில்லியா, 0.8 மில்லியா. ஒரே சதுர அடி ரேட்டுக்குள் ரெண்டு தரத்தை ஒளிக்கலாம் என்பதால் இது முக்கியம்.

5. கடையில் எனக்குக் கிடைக்கும் பங்கு. ஒன்று வாங்கக் கூடாது, இல்லை க்ளையண்ட் பில்லிலேயே கழித்துவிட வேண்டும். எதுவானாலும் எழுதிவிட வேண்டும்.

6. ஜிஎஸ்டி. பதிவு செய்திருந்தால் டிசைன் ஃபீஸுக்கு 18 சதவீதம். வருஷ வருமானம் 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு செய்யாத சின்ன டிசைனர், ஜிஎஸ்டி என்று சொல்லி வாங்கவே கூடாது.

7. ஃபீஸ் மொத்தத் தொகையாக இருப்பது என் சாய்ஸ். செலவில் சதவீதம் என்றால், செலவு கூடினால் எனக்கு லாபம் என்ற சந்தேகம் க்ளையண்டுக்கு வரும். வந்தால் தப்பும் இல்லை.

இதெல்லாம் எழுதிவிட்டால் சண்டையே வராதா? வரும். ஆனால் சண்டை எதைப் பற்றி என்பதாவது ரெண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியாக அந்த ஐயாவின் கதைக்கு வருகிறேன். என் லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவரிடமிருந்து அக்காவுக்கு ஃபோன். குரலில் பழைய கெத்து இல்லை. "அம்மிணி, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போக முடியுங்ளா?" போனோம். பெட்ரூம் வார்ட்ரோப் கதவைத் திறந்தால் கட்டிலில் இடித்து நின்றது. நாங்கள் ட்ராயிங்கில் ஸ்லைடிங் கதவு காட்டியிருந்தோம். ஸ்லைடிங் ஹார்ட்வேர் விலை அதிகம் என்று ஆசாரி கீல் வைத்த கதவாக மாற்றிவிட்டார். ரெண்டடி அகலக் கதவு, கட்டிலுக்கும் வார்ட்ரோப்புக்கும் நடுவே ஒண்ணே முக்கால் அடி. அவ்வளவுதான் விஷயம். அந்த மூணு இஞ்ச்தான் நாங்கள் கேட்ட பதினெட்டாயிரம்.

ஆசாரி மேலும் தப்பில்லை. ஏன் ஸ்லைடிங் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆளுக்கு அங்கே கூலியும் இல்லை, இடமும் இல்லை.

அக்கா எதையும் குத்திக் காட்டவில்லை. "விசிட்டுக்கு ஆயிரத்தி ஐநூறுங் சார்" என்றார். ஐயா ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தார். தப்பு எங்கே என்று பார்க்கக் காசு கொடுப்பது அவருக்கு நியாயமாகப் பட்டது. தப்பு வராமல் பார்த்துக்கொள்ளக் காசு கொடுப்பது மட்டும் அநியாயமாகப் பட்டிருந்தது. அவரை மட்டும் சொல்லி என்ன, நானும் பல்லு வலி வந்தால்தான் டாக்டரிடம் போகிற ஆள்.

கதவை மடிப்புக் கதவாக மாற்ற அக்கா அங்கேயே ஒரு பேப்பரில் வரைந்து, அதற்கான ஃபீஸைக் கீழே எழுதி நீட்டினார். ஐயா படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "கண்ணு, நீயும் இதே தொழிலுக்குத்தான் படிக்கிறயா?" என்றார். இல்லை என்றேன். "அப்பச் செரி" என்றார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று இன்னும் புரியவில்லை.

இப்போது அக்காவின் கொட்டேஷனில் ரெண்டு பத்தி இருக்கிறது. டிசைன் கூலி தனி, வேலைக்கான செலவு தனி. அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த முதல் அஞ்சு பேரில் ரெண்டு பேர் ஓடிவிட்டார்களாம். மீதி மூணு பேரும் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டு டேப்பைப் பிடிக்க இந்த லீவில் நான் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனால் இந்தத் தடவை மணிக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் :-)